பாட்டும் அறிக்கையும்

ரயிலைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் பிரயாணிகள். ஜன்னல் ஓரம், பின்னால் ஓடும் தந்திக் கம்பங்கள், எதிர் இருக்கைப் பெண், ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்ட கிழவர். நம்முடைய சிறுகதைகளில் ரயில் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். வண்டியின் முன்னால் ஒருவன் விழித்திருக்கிறான் என்ற பிரக்ஞை அவற்றில் எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

எமிலி ஜோலா இதற்கு விதிவிலக்கு. 1889இல் எஞ்சினிலேயே நின்று பாரிஸிலிருந்து மாந்த் வரை பிரயாணம் செய்துவிட்டுத்தான் அவர் ‘மனித மிருகம்’ நாவலை முடித்தார். அதன் கடைசியில் டிரைவரும் ஃபயர்மேனும் அடித்துக்கொண்டு கீழே விழுந்து மடிகிறார்கள். போருக்குப் போகும் சிப்பாய்களைச் சுமந்துகொண்டு வண்டி ஆளில்லாமல் இருட்டில் ஓடுகிறது. பெரிய படிமம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜோலாவின் டிரைவரைக் கெடுப்பது பரம்பரை ரத்தம். அவன் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தான், அதற்கு முன் எப்போது தூங்கினான் என்பதில் நாவலின் விசை இல்லை. எனக்கு வேண்டியிருப்பது அதுதான்.

அமெரிக்காவில் கேஸி ஜோன்ஸைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. நிஜமான ஆள். ஜான் லூதர் ஜோன்ஸ், இல்லினாய் சென்ட்ரல் கம்பெனியின் டிரைவர். 1900 ஏப்ரல் 29 இரவு மிஸிஸிப்பி மாநிலத்துக் கேன்டனிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு மெம்பிஸ் வந்து சேர்ந்தார். வழக்கப்படி அங்கே தங்கி ஓய்வெடுக்க வேண்டியவர். தெற்கே போக வேண்டிய எக்ஸ்பிரஸின் டிரைவர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. அந்த வண்டியையும் ஜோன்ஸே எடுத்துக்கொண்டார். இரவு 12.50க்குக் கிளம்பும்போதே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். முந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் அதில் பெரும்பகுதியை மீட்டுவிட்டார். விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்னால், வான் என்ற சின்ன ஸ்டேஷனில், லூப் லைனில் முழுதாக அடங்காமல் மெயின் லைனில் வால் நீட்டிக்கொண்டிருந்த சரக்கு வண்டியில் போய் மோதினார். ஃபயர்மேனைக் குதிக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் எஞ்சினில் இருந்தார். இறந்தது அவர் ஒருவர்தான்.

இந்தச் சாவிலிருந்து இரண்டு பிரதிகள் பிறந்தன. ஒன்று பாட்டு, கேன்டனில் எஞ்சின் துடைக்கும் வேலை பார்த்த வாலஸ் ஸாண்டர்ஸ் என்ற கறுப்பர் கட்டியது. மற்றது கம்பெனியின் விசாரணை அறிக்கை. கொடி காட்டியதற்கு உரியபடி கீழ்ப்படியாத ஜோன்ஸ் ஒருவரே பொறுப்பு என்பது அதன் முடிவு. பாட்டில் அவர் வீரர், அறிக்கையில் குற்றவாளி. ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டின் அமைப்பும் ஒன்றே: ஒரு மனிதன், ஒரு கணம். வந்து சேர்ந்த ஆளையே திரும்ப அனுப்பலாம் என்று ஆக்கி வைத்திருந்த ஏற்பாட்டைப் பாட்டு தியாகமாக்கிவிடுகிறது. அறிக்கையின் தீர்ப்போ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. சொல்லப் போனால் தூக்கத்துக்கு ஆதாரம் எப்போதுமே கிடைப்பது கஷ்டம். குடித்திருந்தால் ரத்தத்தில் மிஞ்சும். உடைந்த தண்டவாளத்தை எடுத்துக் காட்டலாம். தூக்கமின்மை செத்தவனோடு போய்விடுகிறது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் உள்ளவனுடையதைப் போலத் தடுமாறும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் அளந்து சொன்னார்கள். ஊதிப் பார்த்தால் காட்டும் கருவி மட்டும் இதற்கு இல்லை.

என் தாய்மாமா சரக்கு வண்டி டிரைவர். பதவிக்கு லோகோ பைலட் என்று பெயர் மாற்றிய பிறகும் வீட்டில் அவர் டிரைவர்தான். பள்ளி விடுமுறைக்கு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனால் பகலில் ஜன்னல்களில் கம்பளி தொங்கும். அத்தை குக்கர் வைக்க மாட்டாள், விசில் அடிக்கும் என்று. “மாமா தூங்கறார்டா, வெளியே போய் விளையாடு” என்பாள். பெரும்பாலும் அவர் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார், படுத்திருப்பார். கால்-பாய் சைக்கிளில் எப்போது வருவான் என்று தெரியாது. வந்தால் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் லாபியில் நிற்க வேண்டும். அது பகல் பதினொன்றாகவும் இருக்கலாம், இரவு ஒன்றரையாகவும் இருக்கலாம். ஒரு சாயங்காலம் எழுந்து வந்து, “விடிஞ்சிடுச்சா?” என்று என்னைக் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கஷ்டம் நீண்ட நேர உழைப்பு மட்டுமில்லை என்பது இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. எப்போது என்று தெரியாமல் காத்திருக்கும் நேரம் ஏட்டில் ஓய்வு என்று பதிவாகிறது. லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: செலவை வரவில் எழுதினால் கூட்டல் சரியாகத்தான் வரும்.

கேஸி ஜோன்ஸின் கதையை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. “ஸ்பேர்ல வேற ஆள் இல்லையா?” பாட்டைப் பற்றி எழுதிய எந்த விமர்சகனும் இதைக் கேட்டு நான் படித்ததில்லை.

அமெரிக்காவில் சட்டம் 1907இல் வந்தது. தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று. 1969இல் திருத்தி அதைப் படிப்படியாக 12 ஆக்கினார்கள். 2008 சட்டம்தான், இடைப்பட்ட பத்து மணி நேர ஓய்வில் கம்பெனி கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்றது. அந்தத் ‘தொந்தரவு’ என்ற சொல்லைச் சென்றடைய ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

கனடாவில் ஹின்டன் அருகே 1986 பிப்ரவரி 8 காலை, சரக்கு வண்டி ஒன்று நிற்க வேண்டிய சிக்னலைத் தாண்டி வந்து பிரயாணிகள் வண்டியோடு நேருக்கு நேர் மோதி 23 பேர் இறந்தார்கள். விசாரித்தவர் நீதிபதி ரெனே ஃபாய்ஸி. காலடியில் ஒரு பெடல். டிரைவர் மயங்கிக் கால் எடுபட்டால் பிரேக் தானாக விழும். அதன்மேல் தேய்ந்துபோன பிரேக் கட்டையை வைத்துவிட்டுக் காலை ஆற்றிக்கொள்வது பலருக்கும் வழக்கமாக இருந்தது. அன்றைக்கும் வைத்திருந்தார்களா என்பது எஞ்சின் நொறுங்கிப்போனதால் தெரியவில்லை. எரிபொருளும் நேரமும் மிச்சமாக, வண்டியை நிறுத்தாமலேயே ஆட்கள் ஏறி இறங்கி மாறும் பழக்கமும் இருந்தது. ஃபாய்ஸி ஒரு தனி ஆளின் தலையில் பழியைக் கட்டவில்லை. பாதுகாப்புக்கு மேலாக விசுவாசத்தையும் உற்பத்தியையும் வைத்த ரயில்காரர்களின் கலாசாரத்தையே சாடினார். 1987இல் வந்த இந்த அறிக்கையை நான் இலக்கிய விமர்சனமாகவே மதிக்கிறேன். ஒற்றைக் கதாபாத்திரத்தை விட்டுச் சூழலை வாசித்திருக்கிறார்.

இங்கே 1973இல் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் பத்து மணி நேர வரம்பு என்ற வாக்குறுதியைப் பெற்றார்கள். அடுத்த வருஷம் மே மாதம் இருபது நாள் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் எட்டு மணி நேரம் ஒரு கோரிக்கை. இப்போது எஞ்சின்களில் விழிப்புக் கருவி இருக்கிறது. அறுபது விநாடி எதையும் தொடாவிட்டால் விளக்கு மினுக்கும். இன்னும் எட்டு விநாடியில் ஒலி எழும்பும். இன்னும் எட்டு விநாடி போனால் பிரேக் விழும். அது கேட்பது கை அசைகிறதா என்பதை மட்டும். பழகிய கை அரைத் தூக்கத்திலும் பொத்தானை அமுக்கும் என்பார் மாமா.

2024 ஜூனில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் லோகோ பைலட்டுகள் வாரத்துக்கு 46 மணி நேர ஓய்வு கேட்டுப் போராடினார்கள். தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வேலை கூடாது என்பது இன்னொரு கோரிக்கை. செய்தியை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ரெண்டா?” என்றார். சிக்னலைப் பார்த்ததும் டிரைவரும் அசிஸ்டென்டும் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும், அது விதி. நாலாவது ராத்திரியில் அசிஸ்டென்டின் “பச்சை”யைக் காதில் வாங்கிக்கொண்டுதான் தானும் பச்சை என்று சொன்னது உண்டாம், பார்க்காமலேயே. அத்தை பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “எந்த வருஷம்?” என்று கேட்டாள். ஒரு வருஷமா, என்றார் மாமா.