ஆறு பொத்தான்களும் அண்ணனின் இடக்கையும்

யாப்பிலக்கணம் நடத்துகிறவன் வீடியோ கேம் பற்றி எழுத வருவது நண்பர்கள் சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். தரட்டும். கடந்த ஓராண்டில் நான் அதிகம் யோசித்தது எதைப் பற்றி என்று நேர்மையாகச் சொல்வதானால், அது தளையும் தொடையும் அல்ல. ஒரு மனிதனின் இடக்கைக்கு எந்தக் கன்ட்ரோலர் பொருந்தும் என்பதுதான்.

1995 வாக்கில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சந்துக் கடையில் நானும் அண்ணனும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆடுவோம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஆட்டம் அது. இடப்புறம் ஒரு ஜாய்ஸ்டிக், வலப்புறம் ஆறு பொத்தான்கள். மேல்வரிசை மூன்றும் குத்து, கீழ்வரிசை மூன்றும் உதை. இடமிருந்து வலமாக மெல்லியது, நடுத்தரம், பலத்தது. 1987இல் வந்த முதல் ஆட்டத்தின் இயந்திரங்கள் சிலவற்றில் இரண்டு பெரிய ரப்பர்த் திண்டுகள்தாம் இருந்தனவாம். எவ்வளவு ஓங்கி அறைகிறோமோ அவ்வளவு பலமான குத்து. அந்த முறை நிலைக்கவில்லை. ஆறு பொத்தான்கள்தாம் நிலைத்தன.

அண்ணன் ரியூவை எடுப்பான். கீழே, கீழ்முன்னே, முன்னே என்று ஜாய்ஸ்டிக்கைக் கால்வட்டமாகச் சுழற்றிக் குத்துப் பொத்தானை அழுத்தினால் நெருப்பு உருண்டை பறக்கும். அவன் மணிக்கட்டு அதைச் செய்யும்போது கோலம் போடும் கையைப் போல் இருக்கும். கைல் என்ற அமெரிக்கப் படைவீரனை எடுப்பவர்களை அவன் மதித்ததே இல்லை. கைலுக்குச் சுழற்சி கிடையாது. ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்துச் சற்றே காத்திருந்து, சட்டென்று முன்னே தள்ளிக் குத்த வேண்டும். "மூலையில குந்தியிருக்கிறவன் ஆட்டம்டா அது" என்பான்.

காம்போ என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அடி பட்டதும் எதிராளி ஒரு கணம் செயலற்றுப் போகிறான். அந்தக் கணம் தீருமுன் அடுத்த அடி விழுந்தால் அவனால் தடுக்க இயலாது. நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் ஆட்டத்தில் சில சட்டகங்களே வாய்ப்பு. இது திட்டமிட்டு வந்ததுகூட இல்லை. தயாரிப்பாளர் நொரிடகா ஃபுனமிசு, காரை உடைக்கும் பகுதியைச் சோதிக்கும்போது தற்செயலாகக் கண்டு, இவ்வளவு நுட்பமான நேரக்கணக்கு யாருக்கும் வராது என்று விட்டுவைத்தாராம். வெண்பாவில் மாமுன் நிரையும் விளமுன் நேரும் வர வேண்டும் என்று நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்துக் கடைதான் நினைவுக்கு வரும். சீர்கள் தனித்தனியே நன்றாக இருந்து பயனில்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் செய்யுள் நிற்கிறது அல்லது சரிகிறது. இதை வகுப்பில் இதுவரை சொன்னதில்லை.

சென்ற ஆண்டு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பியது. காலும் ஓரளவு மீண்டது. இடக்கைதான் வரவில்லை. விருப்பமான காரியம் ஏதாவது அந்தக் கைக்குக் கொடுங்கள் என்று பயிற்சி அளிப்பவர் சொன்னார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

கையில் பிடிக்கும் சாதாரண கன்ட்ரோலரில் திசைகள் முழுவதும் இடக் கட்டைவிரலின் பொறுப்பு. அதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2014இல் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ போட்டியைப் பிரான்ஸின் லஃபி வென்றது முதல் பிளேஸ்டேஷன் காலத்துக் கன்ட்ரோலரைக் கொண்டுதான். ஆனால் அண்ணனின் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தது. அடுத்து, ஜாய்ஸ்டிக்கே இல்லாத ஒரு வகை. பெட்டியின் இடப்புறத்தில் இடம், கீழ், வலம் மூன்றுக்கும் மூன்று பொத்தான்கள். குதிப்பதற்குக் கட்டைவிரலுக்கருகே பெரிதாக ஒன்று. சுழற்றுவதற்குப் பதில் பியானோ போல் தட்டினால் போதும். வலுவில்லாத கைக்கு மெல்லத் தட்டுவதுதான் எளிது என்று நானாகத் தர்க்கம் செய்து, பருவத்தேர்வு விடைத்தாள் திருத்திய பணம் மொத்தத்தையும் கொடுத்து வரவழைத்தேன்.

என் தர்க்கம் தலைகீழானது. நடுவிரலை அசைக்க அவன் முயன்றால் ஐந்து விரல்களும் சேர்ந்து மடங்கின. கீழும் வலமும் இடமும் ஒன்றாக அழுந்தின. திரையில் ரியூ அசையாமல் நின்றான். அண்ணன் வலக்கையால் இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "விட்றா. இது வேற ஆளுக்குச் செஞ்சது" என்றான். இரண்டு வாரம் நான் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

பயிற்சியாளரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. பலருக்குத் தோளும் முழங்கையும் முதலில் மீள்கின்றன. விரல்கள் தனித்தனியே இயங்குவது கடைசியில்தான், சிலருக்கு அதுவும் இல்லை. அப்படியானால் வேண்டியது விரலுக்கான கருவி அன்று, கை முழுவதற்குமான கருவி. அதாவது, அந்தப் பழைய ஜாய்ஸ்டிக்.

ஜப்பானிய வகையில் முனையில் உருண்டை இருக்கும். விரல்களுக்கிடையே செருகியோ மேலிருந்து கவித்தோ பிடிக்க வேண்டும். அது அவனுக்கு வழுக்கியது. கொரியர்கள் விரும்பும் வகையில் முனை பேரிக்காய் போல் நீண்டிருக்கும். மடங்கிய முட்டிக்குள் அது தானாகப் பொருந்தியது. உள்ளே சதுர வரம்பு வைத்ததைத் தேர்ந்தேன். சதுரத்துக்கு மூலைகள் உண்டல்லவா, கீழ்ப்பின் மூலையில் கோல் போய்த் தங்கினால் கையின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

கால்வட்டம் அப்போதும் வரவில்லை. 2023இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'இல் 'மாடர்ன்' என்றொரு முறை இருக்கிறது. சுழற்சி தேவையில்லை, ஒரு பொத்தானில் நெருப்பு உருண்டை வந்துவிடும், அடியின் வலு மட்டும் சற்றுக் குறையும். நான் பரிந்துரைத்தேன். "பாட்டு வருது. ஆனா நான் பாடலையே" என்றான். இதில் எனக்கு உடன்பாடில்லை. கைகால்களைப் பயன்படுத்த இயலாத அமெரிக்கர் மைக் பேகம், புரோலிலெக்ஸ் என்ற பெயரில், சாதாரண கன்ட்ரோலரை வாயாலும் முகத்தாலும் இயக்கி, 2023இல் இறக்கும்வரை உலகத்தரத்தில் ஆடினார். எதைக்கொண்டு அழுத்துகிறோம் என்பதிலா மானம் இருக்கிறது? வாதாடினேன். அவன் மசியவில்லை.

பிறகு ஒரு ஞாயிறன்று தானாகவே கைலை எடுத்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் இழுத்துப் பிடி, காத்திரு, முழங்கையால் தள்ளு. அவ்வளவுதான். வலக்கை பழைய அண்ணனின் கையாகவே இருந்தது. எங்கே நடுத்தரக் குத்து, எங்கே பலத்த உதை என்று பார்க்காமலேயே அதற்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம், குனிந்தபடி ஒரு நடுத்தரக் குத்து விட்டு, அது என்மீது பட்ட கணத்திலேயே கோலை முன்னே தள்ளினான். இரண்டு அடிகளும் தொடுத்து விழுந்தன. அவனுடைய முதல் காம்போ. சத்தியமாக நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மேலே தள்ளி எகிறி உதைப்பது இன்னும் வரவில்லை. தள்ளும்போது தோளும் சேர்ந்து எழுந்துவிட, பெட்டி மடியிலிருந்து நழுவுகிறது. அடியில் விரிக்க ரப்பர்ப் பாய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு கொண்டுபோக வேண்டும்.