யார்? யாரை?

ஆசிரியத் தொழிலில் நான் புதிதாக அடியெடுத்துவைத்த காலம் அது. ஆங்கில பாடவேளையில் தமிழில் ஒரு சொல்லும் பேசலாகாதென்பது நான் வகுத்த சட்டம். ஒருநாள் இடைவேளை முடிந்ததும் மாணவனொருவன் கிழிந்த சட்டையுடன் வகுப்பினுள் நுழைந்தான். சண்டை நடந்ததென்பது கண்டவுடனே விளங்கிற்று. "ஹூ டிட் யூ ஹிட்?" என்று அதட்டினேன். நடுங்கியவாறே அடுத்த வகுப்புப் பையனொருவனின் பெயரைச் சொன்னான். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றெண்ணி, பாடம் முடியும்வரை அவனை முழங்காலில் நிறுத்தினேன். அவன் வாய் திறக்கவில்லை. மறுத்துரைக்க அவனிடம் ஆங்கிலம் இருக்கவில்லை.

மாலையில் மற்றப் பையனே என்னிடம் வந்தான். "சேர், அடித்தது நான். அவன் என்னைத் தொடவேயில்லை" என்றான்.

நான் கேட்டது, "நீ யாரை அடித்தாய்?" என்று. அவன் விளங்கிக்கொண்டதோ, "உன்னை யார் அடித்தது?" என்று.

தமிழில் இம்மயக்கத்துக்கு இடமில்லை. 'யார்' என்பதோடு 'ஐ' உருபு சேர்ந்தாற் செயப்படுபொருள், சேராவிடின் எழுவாய். ஆங்கிலத்திலும் முன்னாளில் 'ஹூ', 'ஹூம்' என்ற வேறுபாடு பேணப்பட்டது. இன்று பேச்சில் இரண்டிற்கும் 'ஹூ' என்பதே பெருவழக்கு. ஆகவே, சொற்கள் நிற்கும் இடமும் 'டிட்' என்னும் துணைவினையுமே பொருளைக் காட்டுகின்றன.

மறுநாள் கரும்பலகையில் இரு வினாக்களை எழுதினேன்: "ஹூ சோ யூ?", "ஹூ டிட் யூ சீ?" முதலாவது, உன்னைக் கண்டவர் யார் என்பது. 'ஹூ' தானே எழுவாயாதலால், வினை தன் இறந்தகால வடிவிலேயே நிற்கின்றது. இரண்டாவது, நீ கண்டது யாரை என்பது. இங்கே எழுவாய் 'யூ'. அதன்முன் 'டிட்' வந்து இறந்தகாலத்தை ஏற்றுக்கொள்ள, 'சோ' என்பது 'சீ' ஆகிவிடுகின்றது. 'ஹிட்' என்பதோ இறந்தகாலத்திலும் உருமாறாத சொல். அந்தச் சிறு உதவிகூட அப்பிள்ளைக்குக் கிட்டவில்லை.

"விடையை முதலில் எண்ணுங்கள். விடையாக வருபவர் செயலைச் செய்தவராயின் 'டிட்' வேண்டாம், செயலுக்கு உள்ளானவராயின் வேண்டும்" என்றேன்.

பின்னர், வகுப்பறிய அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், தமிழில். என் சட்டமும் அன்றோடு ஒழிந்தது. இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. பாடத்தை ஆங்கிலத்திற் கேட்கின்றேன். பிள்ளையின் குற்றத்தை அவன் மொழியிலேயே விசாரிக்கின்றேன்.