தடம் கேட்கப் போனது

சத்தியமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறவரிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் விடியக்காலையில் போகக் கூடாது. இருட்டோடு ஆள்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். பூ ஏலத்துக்குப் போய், விலை தெரிந்து, மனுஷர் சாப்பிட்டு உட்கார வேண்டும்.

எங்கள் குளத்தைத் தூர்வாரத் தீர்மானித்தபோது, மண் வண்டி ஒருவருடைய தோட்டத்து ஓரமாகப் போக வேண்டியிருந்தது. கேட்கப் போன பெரியவர் என்னையும் கூட்டிப் போனார். போனதும் அவர் விஷயத்தை எடுக்கவில்லை. மழை, கிணற்றுத் தண்ணீர், கட்டிக்கொடுத்த பெண் என்று பேச்சு போனது. மோர் குடித்த பிறகுதான் சொன்னார்: “வண்டி போறதுக்கு ஒரு தடம் வேணுமுங்க தம்பி. உங்களுக்குத் தோதுப்பட்டாப் பாருங்க. இல்லீனாலும் ஒண்ணுமில்லீங்க, நாங்க கெழவரமாச் சுத்திப் போயிக்கறோம்.”

சுற்றிப் போகிற வழி நிஜமாகவே இருந்தது. அதை முன்னாடியே பார்த்துவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். தோட்டக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து போய், வேலிப் படலைத் தானே எடுத்துவிட்டார்.

இப்படி மறுக்க இடம் விட்டுக் கேட்பதைப் பற்றி 2000ஆம் ஆண்டில் பிரான்சின் நிக்கோலா கெகென், அலெக்சாந்தர் பாஸ்குவல் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டுப் பார்த்த ஆய்வு. வெறுமனே கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். ‘கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்’ என்று சேர்த்துக் கேட்டபோது அது 47.5 சதவீதமானது. பின்னால் 2013இல் கிறிஸ்டோபர் கார்ப்பென்டர் இப்படிப்பட்ட 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பலன் இருப்பது உண்மை. ஆனால் உடனே செய்ய வேண்டியிராத காரியங்களில் அது குறைந்துவிடுகிறது. எனக்கு இந்தப் பின்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. வாயளவில் கொடுத்த சுதந்திரம் அந்த நிமிஷத்துக்குத்தான் தாங்கும். பெரியவர் காட்டிய சுற்றுவழி மறுநாளும் அங்கேயே இருந்தது.

வினோபா பாவே நிலமில்லாதவர்களுக்காக நிலம் கேட்டு நடந்ததை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கியது அது. ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக வைத்துக்கொண்டு என் பங்கைக் கொடுங்கள் என்று கேட்டார். அதைவிட உருக்கமாக ஒருவர் கேட்க முடியாது. ஆனால் ஊரே கூடி நிற்கிற இடத்தில் வீடு தேடி வந்த பிள்ளையை எப்படி மறுப்பது? கொடுப்பதாகச் சொன்ன நிலத்தில் நிறையப் பகுதி கடைசிவரை கை மாறவில்லை. மாறியதிலும் விளையாத பூமி ஏராளம். மறுக்க முடியாமல் சொன்ன சம்மதமும் அதில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் இப்போது மனதில் ஓடுவதற்குக் காரணம் மேலே இருக்கிற காடு. 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானது. ஊராளி, சோளகர் பழங்குடியினர் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே வாழ்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, முக்கிய வனவிலங்கு வாழிடத்திலிருந்து உரிமையுள்ளவர்களை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் கிராம சபை விவரம் அறிந்து, சுதந்திரமாக, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அப்படிச் சம்மதம் கேட்கும் காகிதத்தோடு மலையேறுகிறவர்கள் வீடும் நிலமும் தொகையும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ‘மாட்டோம்னாலும் உங்க காடு உங்களுக்குத்தானுங்க’ என்பதையும் சபை நடுவே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.