நான் போட்ட மார்க்

"கவிதை வேண்டாம்ப்பா, மூட்டை மூட்டையா வந்து கிடக்கு" என்று மலர்க் குழு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் நண்பர்களே, ஒரு சினிமா இசையைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க!

2009-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படம். 1966-ல் அமெரிக்க டி.வி.யில் தொடங்கிய விண்வெளித் தொடரை, ஜே.ஜே. ஆப்ராம்ஸ் புது நடிகர்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த படம். இசை மைக்கேல் ஜியாக்கினோ. பழைய தொடருக்கு அலெக்சாண்டர் கரேஜ் போட்ட மெட்டும், 1979 படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் போட்ட இசையும் எனக்கு மனப்பாடம். ஆகவே புதுசைக் கேட்கும் முன்பே மனசுக்குள் ஃபெயில் போட்டாச்சு. படம் முடிவதற்குள் ஹாஸ்டல் அறையில் ஒரே கத்தல். "பழைய மெட்டைக் காணோமே, இது என்னடா ஸ்டார் ட்ரெக்?"

அறைத்தோழன் நிதானமாகக் கேட்டான். "அப்ப ஆரம்பத்துல எதுக்கு மாப்ள மூஞ்சியத் திருப்பிக்கிட்டே?"

மாட்டிக்கொண்டேன்.

அந்தக் காட்சி இதுதான். கெல்வின் என்ற விண்கப்பல் தாக்கப்படுகிறது. தப்பிப் போகும் சிறு கலத்தில் மனைவிக்குப் பிரசவ வலி. கப்பலைத் தானாக ஓட்டும் கருவி பழுது. அதனால் ஜார்ஜ் கர்க் தானே உட்கார்ந்து, எதிரிக் கப்பல்மேல் மோதி 800 பேரைக் காப்பாற்றுகிறான். பிறந்த மகனின் அழுகையை ரேடியோவில்தான் கேட்கிறான். பெயர் வைப்பதும் அதிலேதான். வேறொருவர் என்றால் இங்கேதான் டிரம்ஸைப் போட்டு நொறுக்கியிருப்பார். இங்கே வெடிச்சத்தம் அத்தனையும் அடங்கிப்போகிறது. வயலின்கள் மெதுவாக எழுகின்றன.

நான் பிறந்தபோது என் அப்பா குவைத்தில். என் அழுகையை டெலிபோனில்தான் கேட்டாராம். அப்படியென்றால் என் கண்ணை நனைத்தது ஜியாக்கினோவா, என் அப்பாவா? அது தெரியாமல் எப்படி மார்க் போடுவது?

சரி, பிராக்டிகல் செய்துவிடுவோம் என்று சவுண்டை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து இசையை மட்டும் கேட்டேன். தொண்டை அடைத்தது. 'கதை தெரிந்த பிறகுதானே கேட்டாய்?' என்று வைவாவில் மடக்கினால் என்னிடம் பதில் இல்லை.

பழைய மெட்டும் வராமல் இல்லை. எல்லாரும் அவரவர் இருக்கையில் உட்கார்ந்து, கப்பல் கிளம்பி, பழைய ஸ்பாக் லியனார்ட் நிமாயின் குரல் ஒலித்த பிறகுதான் முழுசாக வருகிறது. வேலை கிடைத்த பிறகுதானே யூனிஃபார்ம்! உணர்ச்சியைக் காட்டாத ஸ்பாக்குக்கு எர்ஹு என்ற சீன வாத்தியம். இரண்டே தந்தி, வில்லால் இழுப்பது. அவன் அழாததையெல்லாம் அது அழுகிறது.

வில்லன் நீரோவுக்குத்தான் வெறும் இரைச்சல். எழுந்து வந்தால் ஒரு இடம்கூட நினைவில் இல்லை. கர்க்கின் மெட்டையும் சின்னதாக, பெரிசாக என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கொஞ்சம் திகட்ட வைத்துவிட்டார்.

100-க்கு 78 போட்டேன்.

"மீதி 22?"

"நீரோகிட்ட போய்க் கேளு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். படத்தைப் பார்க்கச் சொன்னேன். "இங்கிலீஷ் படமாடா? எனக்கு என்ன புரியும்?" என்றார்.

"டைட்டில் வர்ற வரைக்கும் மட்டும் பாருங்கப்பா. சவுண்டைக் குறைச்சிடாதீங்க."