கண்ணில் நீர் வடிந்தால்: சில குறிப்புகள்

* கண்ணீர்ச் சுரப்பி இருப்பது மேலிமைக்கு உள்ளே, நெற்றிப்பொட்டுப் பக்கம். அங்கே சுரக்கும் நீர் கண் முழுக்கப் பரவுகிறது. பிறகு மூக்கோரத்தில், மேலிமையிலும் கீழிமையிலும் உள்ள ஊசிமுனைத் துளைகளில் இறங்கி, கண்ணீர்ப்பை வழியாக மூக்குக்குள் போகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். சொட்டு மருந்து விட்ட சற்று நேரத்தில் தொண்டை கசப்பதும் இந்தப் பாதையால்தான்.

* ஆகவே கண்ணில் தண்ணீர் நிற்காமல் வடிந்தால் ஏரிக்குக் கேட்பதுபோல இரண்டு கேள்விகள்: வரத்து அதிகமா, வடிகால் அடைப்பா? தூசி, புகை, ஒவ்வாமை, உள்பக்கம் மடங்கிக் கண்ணைக் குத்தும் இமைமயிர், கிருமித் தொற்று எல்லாம் வரத்தைக் கூட்டுபவை. துளை சுருங்குவது, குழாய் அடைபடுவது, இமை தளர்ந்து வெளியே புரள்வது வடிகால் கோளாறுகள். முகவாதம் வந்து இமை மூடாமல் போனாலும் நீர் வழியும்.

* பலரும் நம்ப மறுப்பது ஒன்று உண்டு. கண் உலர்ந்துபோனாலும் நீர் கொட்டும். கண்ணீரில் எண்ணெய், நீர், சளி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும், கண் உறுத்தும், அந்த உறுத்தலுக்குச் சுரப்பி மொத்தமாக நீரை இறைக்கும். கம்ப்யூட்டரையும் செல்போனையும் உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம்.

* பிறந்த குழந்தைக்கு ஒரு கண்ணில் எப்போதும் நீர் கோத்து, காலையில் பீளை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கண்ணீர்க் குழாயின் மூக்குப் பக்க நுனியில் மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். மூக்கோரத்தில் எப்படி அழுத்தித் தடவுவது என்று மருத்துவர் சொல்லித்தருவார். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே சரியாகிவிடும். ஆகாவிட்டால் மெல்லிய கம்பி விட்டுத் திறப்பார்கள்.

* ஆனால் நீர் வடிவதோடு குழந்தை வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறதா? கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிகிறதா? அது பிறவிக் கண் அழுத்த நோயாக, கிளாக்கோமாவாக இருக்கலாம். 'பெரிய கண், அழகான கண்' என்று கொஞ்சிக்கொண்டு நாள் கடத்தக்கூடாது. உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

* நடுவயது தாண்டிய பெண்களுக்குக் கண்ணீர்ப்பை அடைப்பு கூடுதலாக வருகிறது. முந்தானையால் துடைத்துத் துடைத்தே பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள். தேங்கிய நீரில் கிருமி வளர்ந்தால் மூக்கோரம் சிவந்து, வீங்கி, வலிக்கும்; அழுத்தினால் சீழ் வரும். கண் முகாம்களில் கண்புரை அறுவைக்கு முன் 'டக்ட்' பார்ப்பது, அதாவது கண்ணீர்ப் பாதை திறந்திருக்கிறதா என்று சோதிப்பது, இதற்காகத்தான். பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்து அறுத்தால் கிருமி உள்ளே போய்ப் பார்வையையே பறித்துவிடும். அடைப்பை மீறி மூக்குக்குப் புதுவழி அமைக்கும் டிசிஆர் அறுவை 1904-இலேயே வந்துவிட்டது. எனவே வாழ்நாள் முழுவதும் துடைத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

* கதிரடிக்கும்போது நெல் உமி, கரும்புத் தோட்டத்தில் சோகை. கண்ணில் பட்டு, நீர் வடிந்து, இரண்டு நாளில் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது புண். தென்னிந்தியாவில் இந்தப் புண்களில் பல பூஞ்சையால் வருபவை. இதில் தாய்ப்பாலோ இலைச்சாறோ விளக்கெண்ணெயோ விடுவது புண்ணுக்குக் கிருமியை ஊட்டுவதாகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதைவிட ஆபத்து. சிவப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளே பரவும்.

* வெற்றிலைச் சுண்ணாம்பு டியூபைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அழுத்தினால் பீய்ச்சிக்கொண்டு கண்ணில் தெறிக்கும். தெறித்துவிட்டால் அந்த இடத்திலேயே, குழாய்த் தண்ணீரில், குறைந்தது அரை மணி நேரம் இமைகளை விரித்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் துணுக்குகள் வெளியேற வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதற்குப் பிறகு.

* மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். தனித் துண்டு, தனித் தலையணை, அடிக்கடி கைகழுவுதல் போதும். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

* அன்றே போக வேண்டியவை: பார்வை மங்கல், கடும் வலி, வெளிச்சக் கூச்சம், கருவிழியில் வெண்மை, அடிபட்டது, வெல்டிங் பொறியோ இரும்புத்தூளோ பட்டது, கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்குச் சிவப்பு, மூக்கோரத்தில் வலியுடன் வீக்கம். கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தாலும் தள்ளிப்போடக்கூடாது. இவை எதுவும் இல்லாமல், ஆனால் சில வாரமாக விடாமல் வடிந்தால், அவசரம் இல்லை. ஒருமுறை காட்டுவது அவசியம்.

* கண்ணில் என்ன விடலாம் என்று பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். சுத்தமான தண்ணீரைத் தவிர வேறெதையும் நீங்களாக விடாதீர்கள்.