தெரிந்த பாட்டு

சினிமாப் பாட்டைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் முதலில் ஒரு சமாதானம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பது வழக்கம். நான் சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. சினிமாப் பாட்டின் வரிகளில் பெரும்பாலானவை மெட்டின் இடுக்குகளை அடைக்கப் பூசிய சாந்துதான் என்ற என் அபிப்பிராயம் அப்படியே இருக்கிறது. ஆனால் இங்கே பேச்சு வரிகளைப் பற்றியல்ல. வரியை எடுத்துவிட்டு, குரலையும் எடுத்துவிட்டு, ஒரு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் மெட்டைத் தேடுகிறவனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி.

பெரம்பலூரில் வேலை, அரியலூரில் வீடு என்று பல வருஷம் பஸ்ஸில் போய்வந்தவன் நான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு, விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில். (ரயில்வேக்காரர்கள் சொல்லும் கார்டுக்கும் சங்கீதக்காரர்கள் சொல்லும் கார்டுக்கும் இங்கிலீஷில் ஒரே எழுத்துக்கள் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன்.) இரண்டு ஊரும் 1995 வரை திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டமாகி, 2001இல் பிரிந்து, 2002இல் ஒட்டி, 2007இல் மறுபடி பிரிந்தன. இவ்வளவுக்கும் நடுவில் மாறாமல் இருந்தது தனியார் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோகும் அந்த ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில், நான் கேட்க விரும்பாத நூற்றுக்கணக்கான பாட்டுகள் என்னுள் இறங்கியிருக்கின்றன. யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. இது ஒருவித ஆக்கிரமிப்பு என்றே அப்போது நினைத்தேன். இப்போதும் அது வேறில்லை. ஆனால் ஆக்கிரமிப்பின் பலன்கள் விசித்திரமானவை.

வேலை ஓய்ந்ததும் 61 கட்டைகளுள்ள ஒரு கீபோர்டு வாங்கினேன். வீட்டில் எல்லோரும் அதைப் பியானோ என்றுதான் சொல்வார்கள். 88 கட்டைகளோடு, தந்தியைச் சுத்தி அடிக்கிற அசல் பியானோவை எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் பியானோ என்பது சினிமாவில் பணக்காரர் வீட்டு மாடிப்படி வளைவுக்குக் கீழே இருக்கும் ஒரு மேஜை. அதன் முன் உட்கார்ந்து கோட்டு போட்டவர் துக்கப்படுவார். விரல் ஒரு பக்கம் போகும், ஸ்வரம் வேறு பக்கம் போகும்.

எனக்குச் சொல்லித் தந்தவர் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் கோயிலில் ஆர்மோனியமும் பிறகு கீபோர்டும் வாசித்தவர். வீரமாமுனிவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியது அந்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் மேல்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று அவர் கற்றுக்கொண்டது; ஐந்து கோடு போட்டு, புள்ளியும் காம்புமாக இருக்கும். மற்றது எங்களுக்காக வைத்திருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகில் ஜெராக்ஸ் எடுத்த இருபது தாள், எல்லாம் சினிமாப் பாட்டுகள், எல்லாம் ஸ ரி க ம எழுத்தில். மேலே யாரோ பேனாவால் 'ஈஸி' என்று எழுதியிருந்தார்கள்.

இந்த 'ஈஸி' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அந்தத் தாள்களை வெறும் கண்ணால் பார்த்தால், அவை இசையின் குறிப்பே அல்ல. மேல்நாட்டுக் குறியீட்டில் புள்ளி வெறும் வட்டமாக இருந்தால் நாலு எண்ணிக்கை, காம்பு முளைத்தால் இரண்டு, உள்ளே கறுத்தால் ஒன்று. நம் பாடப் புத்தகங்களிலும் ஸ என்றால் ஓர் அக்ஷரம், ஸா என்றால் இரண்டு, கமாவுக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு. ஜெராக்ஸ் தாளில் இதில் ஒன்றும் கிடையாது. எழுத்துக்கள் மட்டும் வரிசையாக நிற்கும், ரேஷன் கடை முன்னால் நிற்பதுபோல. எது நீளம், எது குறுகல், எங்கே மூச்சு என்பது ஒன்றும் எழுதப்படவில்லை. எழுத அவசியமில்லை. அது வாசிக்கிறவன் காதில் ஏற்கெனவே இருக்கிறது. பஸ் ஸ்பீக்கரும், கல்யாணத்து மைக் செட்டும், மாரியம்மன் திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய கூம்பும் சேர்ந்து அதை முன்பே எழுதிவைத்துவிட்டன. தாள் பாதி ஆவணம். மறு பாதி ஊரின் ஞாபகம். சுலபமாக இருப்பது பாட்டல்ல. அந்தப் பாட்டைத் தெரிந்திருப்பது.

இதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு பையன் காட்டினான். பெரியவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்க பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். பதினோரு வயது. அரசுப் பள்ளியில் படிக்கிறான், அரியலூர்த் தமிழ் பேசுகிறான், ஆனால் வீட்டில் இந்தப் பாட்டுகள் ஒலிப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் தாளைப் பார்த்த இரண்டாவது நிமிஷத்தில் மெட்டைப் பிடித்துவிடுவார்கள். இவன் முன்னால் 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் தாலாட்டு மெட்டை வைத்தேன். எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றையும் ஒரே நீளத்தில், ஒன்றையும் தவறவிடாமல் வாசித்தான். கடைசி எழுத்தில் நிறுத்தி, "முடிஞ்சுது சார்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரம் தடவை கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன அந்த மெட்டின் ஸ்வரங்களை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனித்தனியே கேட்டேன். எங்கே ஏறுகிறது, எங்கே ஒரு படி விட்டுத் தாண்டுகிறது, எந்த ஸ்வரத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்பதெல்லாம் சதை கழன்ற எலும்பாகத் தெரிந்தது. கூடவே, அவன் வாசித்தது பாட்டே அல்ல என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. அச்சில் மட்டும் கவிதையைச் சந்திக்கிற வாசகனுக்கும், அதைச் சொல்லக் கேட்டே வளர்ந்தவனுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அந்தத் தூரம் ஒரு பையனின் ஒற்றை விரலில் இவ்வளவு துல்லியமாக நான் பார்த்ததில்லை.

அப்படியானால் அவனுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது? தெரிந்த பாட்டு இல்லாதவனுக்குத் தெரிந்த பாட்டால் சொல்லித் தர முடியாது. பெரியவர் எனக்குக் காட்டிய ஒரு வித்தை ஞாபகம் வந்தது. கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொல்வது. ஒரு ஸ்தாயிக்கு ஐந்து. நம் வழக்கில் அவை அரைக் கட்டைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. நாலரையை ஸட்ஜமாக வைத்து மேலே போனால் மோகனம். ஐந்தரையில் தொடங்கினால் மத்யமாவதி. ஆறரையில் இந்தோளம். ஒன்றரையில் சுத்த சாவேரி. இரண்டரையில் சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான். நிற்கிற இடம் மட்டும் மாறுகிறது. இதில் தப்பு ஸ்வரம் என்று ஒன்று கிடையாது. எந்த விரல் எங்கே விழுந்தாலும் ஏதோ ஒரு ராகத்துக்குள்தான் விழும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஸ்வரங்களின் பெயரைச் சூட்டுகிறாளே, அந்தக் காரியத்தின் ருசி எனக்கு உரையாசிரியர்களால் பிடிபட்டதில்லை. இந்த ஐந்து பிளாஸ்டிக் கட்டைகளால் பிடிபட்டது.

பையன் ஒரு மாதம் கறுப்புக் கட்டைகளிலேயே கிடந்தான். மற்றப் பிள்ளைகளின் தாயார் ஒருவர் மட்டும் வாசலில் நின்று கேட்டார்: "ஏன் சார், எம் புள்ள எப்ப சார் சினிமாப் பாட்டு வாசிப்பான்? அவங்க அப்பா கேக்குறாரு." நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுக்காரன் அடையாளம் கண்டுகொள்ளாத சங்கீதத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்ன செய்வது? மோகனத்தின் ஆரோகணம் வாசித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'அக்னி நட்சத்திர'த்தின் (1988) மோகனப் பாட்டில் முதல் ஆறு ஸ்வரம் விழுந்தால் சமையல்கட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த எட்டிப் பார்த்தல் தேவைப்படுகிறது. கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப கும்பலோட கைதட்டல்தான் குரு" என்றார். கும்பல் அல்ல, ஒரு அம்மா என்று சொன்னேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கீபோர்டின் குறை என்னவென்பது ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டையில் ஸ்வரம் அசையாது, கமகம் வராது. இந்தக் காரணத்தால்தான் ஆர்மோனியத்தை 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி உள்ளே விடவில்லை. பியானோவின் அந்தர காந்தாரம் தம்பூராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட 14 சென்ட் கூர்மையானது. அரை ஸ்வரத்தின் நூறு பங்கில் பதினாலு. இதெல்லாம் சரி. ஆனால் குறை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. பாடகர் குரலில் வழுக்கிக்கொண்டு போகும் ஓர் இடத்தில் கட்டை இரண்டு ஸ்வரங்களைக் காட்டி, எது என்று கேட்கிறது. இரண்டுமில்லை, நடுவில் எங்கேயோ என்று அப்போதுதான் தெரிகிறது. கமகம் என்ற ஒன்று இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நான் புரியவைத்தது கமகம் வராத இந்தப் பெட்டியால்தான்.

சில பாட்டுகள் கட்டைக்கென்றே செய்தவைபோல இருக்கின்றன. 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் விஸ்வநாதன் மெட்டமைத்து யேசுதாஸ் பாடிய மகதி ராகப் பாட்டு ஒன்று. மகதி பாலமுரளி கிருஷ்ணா உண்டாக்கியது. ஸ, க, ப, நி என்று நாலே ஸ்வரம். ஒரு கட்டையை ஸட்ஜமாக வைத்தால் ஒன்று, மூன்று, ஐந்து, ஆறரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்காமல் சேர்த்து அழுத்தச் சொன்னேன். மேல்நாட்டுக்காரர்கள் ஏழாம் கார்டு என்று சொல்வது அதுதான். அவர்கள் காதில் அது நிலைகொள்ளாத ஒலி. அடுத்த கார்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஆறும். மகதியில் அதுவே வீடு, அதற்குள்ளேயே சுற்றிவந்து அங்கேயே படுத்துக்கொள்ளலாம். ஒரே நாலு கட்டைகள். ஒருவருக்கு வாசற்படி, இன்னொருவருக்குத் திண்ணை.

இடது கை என்ற விஷயம் வரும்போது 'ஈஸி' தாள்களின் வறுமை முழுதாகத் தெரிந்துவிடுகிறது. அவை இடது கைக்கு ஒன்றும் தருவதில்லை. அல்லது ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்கின்றன, தம்பூராவுக்குப் பதில். ஓரளவுக்கு இது தாங்கும். ஆனால் 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் பாட்டுகளில் தாங்காது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையை உட்கார்ந்து படித்தவர் அவர். அவருடைய பாட்டில் பேஸ் கிடார் மெட்டுக்குக் காவலாக நிற்பதில்லை; கீழே தன் போக்கில் இன்னொரு மெட்டாக நடக்கிறது. அதை எடுத்துவிட்டு மேல் மெட்டை மட்டும் தாளில் போட்டு 'ஈஸி' என்றால், அது பாதிப் பாட்டு. பெலா பார்ட்டோக் 1908–09இல் குழந்தைகளுக்கென்று ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாட்டுப் பாடல்களைப் பியானோவில் அமைத்தார். பிறகு 1926க்கும் 1939க்கும் இடையில் 153 துண்டுகளை ஆறு புத்தகமாக எழுதினார். முதல் புத்தகத்தில் ஐந்து விரல் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் அங்கேயும் இடது கை வேலைக்காரன் அல்ல. எளிமைப்படுத்துவதற்கும் எளிதாக ஆரம்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். நம் சினிமாப் பாட்டுகளை வைத்து அப்படியொரு முதல் புத்தகம் என் கைக்கு வந்ததில்லை. இப்போது பிள்ளைகள் செல்போனில் பார்க்கும் வீடியோக்களில் வண்ணப் பட்டைகள் மேலிருந்து கட்டை மேல் விழுகின்றன. அவற்றில் நீளமாவது தெரிகிறது. ஜெராக்ஸ் தாளுக்கு அது மேல்.

போன கார்த்திகையில் பீகார்ப் பையன் ஒரு தாள் கொண்டுவந்தான். சட் பூஜையில் அவன் அம்மா பாடுகிற பாட்டாம். வீட்டில் அவனாகவே கேட்டுக் கேட்டு, ஸ ரி க ம என்று தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான். எழுத்துக்கள் மட்டும், வரிசையாக. எனக்குத் தெரியாத பாட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக, ஒரே நீளத்தில் வாசித்தேன். மூன்றாவது எழுத்திலேயே கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அது அப்படி இல்ல சார். இந்த 'க' ரொம்ப நேரம் நிக்கும். அம்மா மூச்சு விடுற வரைக்கும்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பாடிக் காட்ட வெட்கப்பட்டு, என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான்.