நாள் பூராவும் நடக்கிறேனே!

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்தரைக்குத்தான் என் முதுகு பாயைப் பார்க்கும். பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, இட்லி ஊற்றி, இரண்டு பேருக்கு டப்பா கட்டி, வாசலுக்கும் சமையலறைக்கும் மொட்டை மாடிக்குமாக ஓட்டமும் நடையுமாகவே என் பொழுது போய்விடும். இப்படிப்பட்ட என்னைப் பார்த்துப் போன வருஷம் டாக்டர், "நீங்க தினமும் கொஞ்சம் நடக்கணும்மா" என்றபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நாள் பூராவும் நடக்கிறேனே டாக்டர்!" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பினார். மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு 6.1 என்று இருந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நான் இரண்டுக்கும் நடுவே, வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து அழுதேன். எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. கிணற்றில் நீர் இறைத்து, ஆட்டுக்கல்லில் மாவரைத்து, ஆறு குழந்தைகளை வளர்த்தவள் அவள். ஒல்லியான தேகம். அவளுக்கு ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. அறுபத்திரண்டில் ஒரு காலை எடுத்தார்கள். அடுத்த வருஷமே போய்விட்டாள். 'ஓயாமல் உழைத்தவளுக்கு இந்த வியாதி எப்படி வந்தது?' என்ற கேள்வி அன்றிலிருந்து என் மனசில் முள்ளாகவே தங்கிவிட்டது. இப்போது எனக்கு ஐம்பத்தொன்று.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் மகள் உமா போன் செய்தாள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலை செய்கிறாள். மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சாப்பிட்ட சாப்பாட்டை உடம்பு எப்படிச் செலவழிக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. 'விளையாட்டுக்காரர்களுக்கு ஏதோ சொல்லித் தருகிறாள்' என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம்.

"அத்தை, வீட்டு வேலை செய்யுற பெண்களுக்கு எவ்வளவு சக்தி செலவாகுதுன்னு அளக்கிறோம். உங்க வயசுல ஆளுங்க வேணும். வரீங்களா?"

"விளக்குமாறு நான் கொண்டுவரணுமா?"

"அதெல்லாம் இங்கேயே இருக்கு அத்தை. நீங்க வெறும் வயித்தோட வாங்க. காபிகூடக் குடிக்கக் கூடாது!"

காபி இல்லாமல் காலை ஏழு மணிக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு சாதனைதான். சொந்தக்காரர்களைத் தானே அளக்கக் கூடாதாம். அதனால் உமாவோடு வேலை செய்யும் வேறொரு பெண் என்னை அழைத்துப் போனாள். முதலில் என் புடவையை மாற்றச் சொல்லிக் கால்சட்டையும் பனியனும் கொடுத்தார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

பிறகு கட்டிலில் படுக்க வைத்துத் தலைக்கு மேல் கண்ணாடிக் கூடை மாதிரி ஒரு மூடியைக் கவிழ்த்தார்கள். "அரை மணி நேரம் சும்மா படுத்திருங்கம்மா. தூங்கவும் கூடாது, எதையும் செய்யவும் கூடாது" என்றாள் அந்தப் பெண். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை!

அந்த மூடியில் ஒரு குழாய் இருந்தது. நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. விடும் காற்றில் அது குறைந்து, கரியமிலவாயு கூடியிருக்கும். எவ்வளவு குறைந்தது என்பதை இயந்திரம் அளந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் உடம்பு சுமார் 5 கலோரி எரித்தது என்று கணக்கு. அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதைப் புகையைப் பார்த்துச் சொல்வது மாதிரிதான். நான் சும்மா படுத்திருந்தபோது நிமிஷத்துக்கு 160 மில்லி செலவாகியிருந்தது. நம் வீட்டு ஆழாக்கால் அளந்தால் கிட்டத்தட்ட ஓர் ஆழாக்கு! நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் கிடந்தாலும் என் உடம்புக்கு 1,150 கலோரி வேண்டும் என்று தெரிந்தது.

இந்த அளவெடுப்புக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறதாம். 1890-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆட்வாட்டர் என்ற பேராசிரியர் செம்புத் தகடு அடித்த ஒரு சின்ன அறையையே கட்டினார். அதற்குள்ளே கட்டில், மேஜை, நாற்காலி எல்லாம் உண்டு. ஆள் நாட்கணக்கில் உள்ளே இருப்பார். ஒரு சின்ன துவாரம் வழியாகச் சாப்பாடு போகும். மனித உடம்பும் கணக்குத் தப்பாமல் எரியும் ஓர் அடுப்புதான் என்று அந்த அறை காட்டிக்கொடுத்தது. இன்று சாப்பாட்டுப் பொட்டலங்களில் கலோரி போடுகிறார்களே, அந்தக் கணக்குக்கும் அவர்தான் அடிப்படை போட்டார்.

அடுத்தது நடை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் நெல்லிக்காய் அளவு பளபளக்கும் உருண்டைகளை ஒட்டிவிட்டார்கள். சுற்றிலும் காமிராக்கள். தரையில் பதித்த பலகையை மிதித்தால், பாதம் எவ்வளவு பலத்தோடு தரையை அழுத்துகிறது என்று தெரியும். திரையில் என் உருவம் வெறும் புள்ளிகளாக நடந்தது. வலது முழங்கால் வலிக்கிறது என்று நான் சொல்லவேயில்லை. அந்தக் காலில் நான் பாரத்தைக் குறைத்து வைக்கிறேன் என்று அதுவே சொல்லிவிட்டது!

அங்கே உமா சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. கென்யாவில் பெண்கள் தலையில் பெரிய சுமைகளைத் தூக்கிக்கொண்டு அநாயாசமாக நடப்பார்கள். 1986-ல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களை மூக்கில் மூடி போட்டு நடக்கவைத்து அளந்தார்கள். தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமை வரை அவர்களுக்குக் கூடுதல் சக்தியே செலவாகவில்லை! ஆராய்ச்சியாளர்கள் அசந்துபோனார்களாம். பின்னாளில் தென் ஆப்பிரிக்காவில் பார்த்தபோது எல்லாப் பெண்களுக்கும் அப்படி இல்லை, ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்று தெரிந்தது. "பெண்களையும் அளந்து பார்த்தாத்தானே அத்தை இதெல்லாம் தெரியும்?" என்றாள் உமா.

பத்து மணிக்கு இட்லியும் காபியும் கொடுத்தார்கள். ஜீரணமாக நேரம் விட்டு, மதியத்துக்கு மேல் முகத்தில் ஒரு மூடியைக் கட்டி என்னை வீட்டு வேலை செய்ய வைத்தார்கள். பெருக்கினேன், துடைத்தேன், பாத்திரம் தேய்த்தேன், சப்பாத்தி இட்டேன். 'எத்தனை வருஷத்துக் கை! பார்க்கட்டும்' என்று ஜோராகவே செய்தேன். கடைசியில் டிரெட்மில். ஓடுகிற பட்டையின் மேல் முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு மேடேறுவது போல நடக்கவைத்தார்கள். பக்கத்தில் ஒரு டாக்டர் என் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. போதும் என்று கை காட்டிவிட்டேன்.

மறுவாரம் உமா தாளோடு வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தி இடும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும், சும்மா படுத்திருந்ததைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் செலவு. பெருக்கித் துடைத்தபோது மூன்றரை மடங்கு. வேக நடையில் ஐந்து மடங்கு. என்னால் முடிந்த உச்சம் எட்டரை மடங்கு. "உங்க வயசுக்கு இது கொஞ்சம் கம்மி அத்தை" என்றாள். மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போது நடுப்படியில் நின்று மூச்சு வாங்குகிறேனே, அதன் காரணம் அதில் இருந்தது.

எனக்கு முகம் தொங்கிப்போனது. "அப்போ நான் இத்தனை வருஷமா செஞ்சது வேலையே இல்லையா உமா?"

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார் அத்தை அப்படிச் சொன்னது? உங்க உழைப்பு நிஜம். களைப்பும் நிஜம். ஆனா களைப்பு வேற, பயிற்சி வேற."

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை 'களைப்பு ஆய்வுக்கூடம்' என்றே ஒன்று இருந்ததாம். தொழிலாளர்கள், சிப்பாய்கள், ஓட்டக்காரர்கள் என்று பெரும்பாலும் ஆண்களைத்தான் அங்கே ஆராய்ந்தார்கள். களைப்பு என்பது ஒரே சமாச்சாரம் அல்ல, அதற்குப் பல காரணங்கள் உண்டு என்பது அவர்கள் கண்ட முக்கியமான விஷயம். தூக்கக் குறைவும் களைப்புதான், ரத்தசோகையும் களைப்புதான். நின்றுகொண்டே இருப்பதும், பத்து வேலைகளை மனசில் சுமப்பதும்கூடக் களைப்புதான். ஆனால் இவை இதயத்துக்கும் தசைக்கும் பலம் தராது. அவற்றுக்குப் பலம் வர, கொஞ்சம் மூச்சு வாங்கும்படி ஏதாவது செய்தாக வேண்டும். அப்படி வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம்.

"அப்படின்னா உன் பாட்டிக்கு எப்படி வந்தது?" என் முள்ளை எடுத்து அவள் முன் வைத்தேன்.

உமா சற்று நேரம் பேசவில்லை. "ஒருத்தரைப் பத்தி இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது அத்தை. பரம்பரை இருக்கு. நம்ம நாட்டுக்காரங்க வெளியில ஒல்லியா இருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம், தசை கம்மின்னு புனேயில டாக்டர் யாஜ்னிக் கண்டு சொல்லியிருக்கார். இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. சென்னைக்கு வந்தப்புறம் பாட்டி கிணத்துல இறைச்சாங்களா?"

இல்லை. குழாய் வந்தது, கிரைண்டர் வந்தது, மிக்ஸி வந்தது. அம்மாவின் வேலை நேரம் ஒரு மணிகூடக் குறையவில்லை. வேலையின் கனம் மட்டும் குறைந்துவிட்டது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. "அந்தப் பாட்டிக்காகத்தான் அத்தை நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்" என்றாள் உமா. இரண்டு பேரும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

நம்பிக்கைக்கும் அவள் ஒரு கணக்கு சொன்னாள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்துச் சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. நடையையும் உணவு ஒழுங்கையும் விடாமல் சொல்லிக்கொடுத்த பிரிவில் அது 39-ஆகக் குறைந்தது. எல்லாரும் தப்பவில்லைதான். ஆனாலும் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள் என்றால் சும்மாவா?

அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் அந்தத் தாளை இவர் முன் வைத்தேன்.

"நல்லதுதான், நட. ஆனா உனக்கு நேரம் எங்கே இருக்கு?" என்றார்.

"நேரம் இருக்கு. அது உங்க கையில இருக்கு" என்றேன். இப்படி நான் பேசி அவர் கேட்டதில்லை. அதற்குமேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து காலைக் காபி அவர் பொறுப்பு. முதல் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டாம் நாள் டிகாஷன் இறங்கவேயில்லை. நான் வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீடு பெருக்கித் துடைப்பது பிள்ளையின் பொறுப்பு ஆயிற்று. மூலை முடுக்கெல்லாம் தூசிதான். இருந்துவிட்டுப் போகட்டும்!

சகோதரிகளே, வீட்டு வேலை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உட்கார்ந்தே இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை போல ஏதாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் கைபிடிக்காமல் பத்துத் தரம் உட்கார்ந்து எழுந்திருப்பதே ஆரம்பத்துக்குப் போதும். மூட்டு வலி, ரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு உள்ளவர்களும், பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆன இளம் தாய்மார்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முக்கியமாக, அந்த அரை மணியைத் தூக்கத்திலிருந்து திருடாதீர்கள். வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள்.

எட்டு மாதம் கழித்து இரண்டு இடத்திலும் மறுபடி பார்த்தேன். சர்க்கரை 5.8. இன்னும் வாசற்படிதான், ஆனால் வெளிப்பக்கமாக ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறேன். எட்டரை மடங்காக இருந்த உச்சம் ஒன்பதரை ஆகியிருக்கிறது. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ஈரத் துணி வாளியோடு மாடி ஏறும்போது இப்போதெல்லாம் நான் நடுப்படியில் நிற்பதில்லை.